பதினேழாம் இலக்க இசைத்தட்டு

என்னிடம் உள்ளங்கை அளவில் ஒரு ரசீது இருக்கிறது. "ஒரு இசைத்தட்டு, மார்ச் 7" என்று சிங்களத்தில் நீல மையால் எழுதியிருக்கிறது. ஆண்டில் 199 வரைதான் தெரிகிறது. கடைசி இலக்கம் ஈரத்தில் கரைந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலய மண்டபத்தில், தர்மத்துக்காகப் பழைய சாமான் விற்கும் அந்த ஜம்பிள் சேல் மாதத்தின் முதல் சனிக்கிழமையில் மட்டுமே நடந்தது. தொண்ணூறுகளில் மார்ச் 7 சனிக்கிழமையில் வந்த ஆண்டுகள் இரண்டு: 1992, 1998. முதலாவதில் எனக்கு மூன்று வயது. ஆகவே 1998. ரசீதின் பின்பக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அம்மா இரண்டு வருடமாகப் பழைய இசைத்தட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார். பொரளையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய தர்மக் கடை, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவிருந்த, பழைய சாமான் வாங்கி விற்கும் போத்தல் பேப்பர் கடை, பிறகு இந்த மண்டபம். ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் இசைத்தட்டைப் போட்டுக் கேட்க ஒரு பெட்டியும் இருக்கவில்லை என்பது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை. அம்மா எந்தத் தட்டையும் முன்பக்கம் பார்க்கமாட்டார். உறையைத் திருப்பி, கீழே இடது மூலையைப் பார்ப்பார், வைத்துவிடுவார்.

அந்த மூலையில் இருக்கவேண்டியது ஊதா பென்சிலில் ஒரு தமிழ் எண். நான் படத்தில் மட்டும் பார்த்த மாமா, அம்மாவின் அண்ணன், தன் இசைத்தட்டுகளுக்கு ௧ முதல் ௨௩ வரை இலக்கமிட்டிருந்தார். 1983 ஜூலையில் வீடு சூறையாடப்பட்டபோது அவர் உள்ளே இருந்தார். அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் இதற்கு மேல் ஒரு வாக்கியம் சொன்னதில்லை. அவருடைய கையெழுத்து உள்ள ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத அந்த எண்களை, கிழித்த கலண்டர் தாள்களின் பின்புறத்தில் அம்மா எனக்கு எழுதிப் பழக்கினார். எனக்கு அது விளையாட்டு.

வேட்டைக்கு ஒரு விதி இருந்தது. கடைக்குள் வாயைத் திறக்கக்கூடாது. கண்டால் அம்மாவின் கையை ஒருமுறை அமுக்கவேண்டும்.

"ஏனம்மா?"

"ஆசைப்படுறம் எண்டு தெரிஞ்சா விலை ஏத்திப்போடுவினம்."

நான் அதை நம்பினேன். அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு மருதானையில் குண்டு வெடித்திருந்தது. போகும் வழியில் எங்கள் பஸ்ஸை இரண்டு இடங்களில் நிறுத்தினார்கள். இரண்டு முறையும் அம்மா அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு இறங்கி நின்றார். அதையும் கடைக்குள் வாயைத் திறக்கக்கூடாது என்ற விதியையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் இசைத்தட்டுப் பெட்டி ஒன்றே ஒன்று. அதன் முன்னால் மாளிகாவத்தைப் பழைய சாமான் வியாபாரி ஒருவர் குந்தியிருந்து, பார்க்காமலே கட்டுக்கட்டாக எடுத்துத் தன் சாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் விரல்கள் இறுகின. அவர் எடுக்கும் வேகத்துக்கு அம்மாவால் மூலைகளைப் பார்க்க முடியவில்லை.

"என்ன மகள், பாட்டுன்னா அவ்வளவு ஆசையா? ஊட்டுல பெரிய செட் ஈக்குதோ?" என்று அவர் என்னைக் கேட்டார்.

நான் விதியை மறந்தேன். "எங்கட வீட்டில செட்டே இல்லை."

"அல்லாவே! அப்ப எதுக்கு ரெக்கோட்? தோச சுடவா?"

அவர் சிரித்தபடி அடுத்த கட்டைத் தூக்கினார். அடியிலிருந்த உறை எனக்கு நேராக வந்தது. இடது மூலையில், ஊதாவில், ௧௭.

கையை அமுக்கினேன். அம்மா வேறு உறையைத் திருப்பிக்கொண்டிருந்தார். மீண்டும் அமுக்கினேன். கட்டு சாக்கின் வாய்க்குப் போய்விட்டது.

"அம்மா! எங்கட பதினேழு!"

மண்டபத்திலிருந்த அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த வயதான பெண் எழுந்து வந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் மூக்குக்கண்ணாடிச் சங்கிலி. வியாபாரியின் கட்டிலிருந்து அந்த உறையை உருவி, மூலையைப் பார்த்து, அம்மாவைப் பார்த்தார். சிங்களத்தில் கேட்டார். எனக்குப் புரியும் அளவுக்கு மெதுவாகத்தான் கேட்டார்.

"இந்த எழுத்து உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பிள்ளை ஏதோ சொன்னாளே?"

"உறையிலுள்ள படத்தைப் பார்த்துச் சொன்னாள்."

"இது உங்கள் வீட்டுத் தட்டா?"

"இல்லை," என்றார் அம்மா.

என் அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வியாபாரி எழுந்து, சாக்கை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அத அவங்களுக்கே குடுங்க நோனா, எனக்கு வேணாம்," என்று சிங்களத்தில் சொன்னார். அவர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

அந்தப் பெண் மேசைக்குப் போய் ரசீது எழுதினார். ஒரு இசைத்தட்டுக்கு அவ்வளவு எழுத வேண்டுமா என்று எனக்குத் தோன்றும் அளவுக்கு எழுதினார். அம்மா அதை வாங்கி உறைக்குள் செருகிவிட்டு, என் கையைப் பிடித்தார். பஸ் தரிப்பு வரைக்கும் விடவில்லை.

அதன் பிறகு நாங்கள் அந்த மண்டபத்துக்குப் போகவில்லை. வேறு எந்தக் கடைக்கும் போகவில்லை. நான் வாயைத் திறந்ததற்குத் தண்டனை என்று நினைத்து, பல சனிக்கிழமைகளில் யாரும் சொல்லாமலே வீட்டைக் கூட்டினேன்.

அம்மாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். நான் வேலைக்குப் போன பிறகே கற்றேன். பூஞ்சணம் துடைப்பதற்காக ஒருநாள் தட்டை வெளியே எடுத்தபோது ரசீது விழுந்தது. பின்பக்கத்தில் அதே நீல மை: "இதேபோல் இலக்கமிட்டவை என் வீட்டில் இன்னும் இருபத்திரண்டு இருக்கின்றன. அடுத்த மாதமும் நான் இங்கே இருப்பேன்."

அவை அந்தப் பெண்ணின் வீட்டுக்கு எப்படி வந்தன என்று அதில் இல்லை. காப்பாற்றி வைத்தவரும் இதே இரண்டு வரிகளை எழுதியிருப்பார், எடுத்துப் போனவரும் எழுதியிருப்பார். இப்போது அந்த மண்டபத்தில் டியூஷன் வகுப்பு நடக்கிறது. விசாரித்தேன், அவரை யாருக்கும் தெரியவில்லை.

அம்மாவிடம் ரசீதைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அண்டைக்கு உன்ர கையைப் பிடிச்சிருந்தது மட்டும்தான் ஞாபகம்," என்றார்.

என் நினைவில் அம்மா அந்தத் துண்டை உறைக்குள் வைக்கும் முன் ஒருமுறை திருப்பினார். வாசிக்கும் நேரம் இருந்ததா, வெறுமனே மடித்தாரா என்பதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.