நான் அழித்த கோடுகள்

இரண்டு வருடங்களுக்கு முன், கரியமாணிக்கம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறும் அம்மா அந்த வருடத்தோடு ஓய்வு பெறுவதாக இருந்தார். அவருடைய படத்தை ஃப்ரேம் போட்டுக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். எனக்குப் போட்டோ எடுக்கப் பிடிக்கும் என்பதால், அந்தப் பொறுப்பை ஆசையோடு ஏற்றுக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கூடத்து வாசலில் அவரை நிற்கச் சொல்லி செல்போனில் எடுத்தேன். பின்னால் தெரிந்த தண்ணீர் டிரம்மையும் துடைப்பத்தையும் வெட்டிவிட்டு, முகமும் தோளும் மட்டும் வருகிற மாதிரி வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு ஆப்பில் போட்டு முகத்தை வெளுப்பாக்கினேன். நெற்றிக் கோடுகளையும் கண்ணுக்குக் கீழே இருந்த சுருக்கங்களையும் துடைத்தெடுத்தேன்.

வழியனுப்பு விழாவில் எல்லோரும் கைதட்ட, சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்தவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ரொம்ப அழகா கீறாங்க. யாரு டீச்சர் இது?"

கேலி இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். "நீங்கதாம்மா" என்றேன். என் முகம் மாறியதைக் கவனித்துவிட்டார் போல.

"அட, நானா! இந்தக் கண்ணு இருக்கே, இன்னாத்தத் தெரியுது?" என்று சிரித்துச் சமாளித்தார். என்னைக் காப்பாற்றத் தன் கண்மேல் பழியைப் போட்டுக்கொண்டார்.

எனக்கு மனசே ஆறவில்லை. செல்போனில் பழைய படம் அப்படியே இருந்தது. இந்த முறை முகம் நிறைய வருமாறு நெருக்கி வெட்டினேன். நிழலாக இருந்த இடத்தில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. மறுபடி ஃப்ரேம் போட்டு, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே எடுத்துப் போனேன்.

படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நெற்றிக் கோடுகளை விரலால் தடவினார்.

"எங்கம்மா டீச்சர் இது. அப்படியே எங்கம்மா. வெயில்ல காஞ்சு அவங்க நெத்தியிலயும் இதே கோடுதான். நான் சின்னதா இருக்கறப்பவே போய்ட்டாங்க. வூட்டுல அவங்க போட்டோ ஒண்ணுகூட இல்ல. மூஞ்சியே மறந்துபூட்டேன்னு நெனச்சேன்."

அழுதுகொண்டே சிரித்தார். நானும்தான்.

இன்றும் யாருடைய படத்தையாவது திருத்த உட்கார்ந்தால், ஒரு சுருக்கத்தை அழிக்கப் போகும் விரல் தானாக நின்றுவிடுகிறது. அதில் அவர்கள் தேடிக்கொண்டிருக்கும் யாரோ இருக்கலாம் என்று தோன்றுகிறது.