வளையல் உடையாத கை முறிவு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், கை முறிவுக்குத் துண்டுச் சீட்டு எழுதுவதென்றால் எனக்கு உயிர். எந்தக் கை, எந்த விரல், எந்த எலும்பு, தோல் கிழிந்ததா, எப்படி அடிபட்டது, எல்லாம் ஒரே தாளில் அடங்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் நுவரெலியா பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் பிடிப்பார்கள். "கை முறிவு" என்று மொட்டையாக எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு காலை, பீலியில் தண்ணீர் பிடிக்கப் போய் வழுக்கி விழுந்த பெண்ணை மாமியார் கூட்டிவந்தார். ஏழு மாதக் கர்ப்பிணி. முந்தின நாள்தான் வளைகாப்பு. இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். டாக்டரையா வயிற்றைப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். இடது கையில், சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

"வீங்கிட்டா வளையல் இறுக்கும், ரத்தம் ஓடாது. ஒடச்சு எடுத்துட்டு லொறியில பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்க," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார்.

அவள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு அழுதாள். எலும்பே போய்விட்டது, இவள் கண்ணாடிக்கு அழுகிறாளே என்று எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"போன தடவ வளவி ஒடஞ்சுதுங்க நர்ஸம்மா. அந்தப் புள்ள தங்கல," என்றார் மாமியார்.

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு உடைக்க மனம் வரவில்லை. வீக்கம் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. லொறியில் தேயிலைப் பெட்டி ஏற்றி முடிக்கும்வரை நேரமிருந்தது. ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, விரல் விறைக்கும் குழாய்த் தண்ணீரில் துணி நனைத்துச் சுற்றினேன். பிறகு சவுக்காரத்தை நுரைக்க நுரைக்கத் தடவி, பெருவிரல் பக்கத்தை மட்டும் அமுக்கி முதல் வளையலை நகர்த்தினேன். வந்துவிட்டது! மாமியார் அதை வாங்கி மருமகளின் வலது கையில் போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. வார்டில் படுத்திருந்தவர்களெல்லாம் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். வெளியே லொறிக்காரர் ஹார்ன் அடித்தார். "இருய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் டாக்டரையாவே எட்டிப் பார்த்தார். கடைசி வளையல் விரல் முட்டியில் மாட்டிக்கொண்டது. அவள் பல்லைக் கடித்தாள், நானும் கடித்தேன். அது நழுவி என் உள்ளங்கையில் விழுந்ததும் சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

மட்டை வைத்துக் கட்டினேன். துண்டை இங்கிலீஷில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டினேன். இடது கை, சுண்டுவிரலுக்குக் கீழுள்ள எலும்பு முறிவு, தோல் கிழியவில்லை, வழுக்கி விழுந்தது, ஏழு மாதக் கர்ப்பம்.

மாமியாருக்குத் திருப்தியில்லை. "ஒண்ணும் ஒடையலன்னு எழுதுங்க."

"எலும்பு ஒடஞ்சிருக்கேம்மா!"

"அது ஒட்டிக்கும்ங்க," என்றாள், அதுவரை ஒரு வார்த்தை பேசாத மருமகள்.

தாளின் அடியில் 'வளையல் ஒன்றும் உடையவில்லை' என்று எழுதி, கீழே கோடும் போட்டேன்.

பிள்ளை பிறந்ததும் எங்களிடம் காட்ட வந்தாள். அந்த இடது கையில்தான் ஏந்தியிருந்தாள்.