இளையபெருமாளின் வைப்புகள்

கிராம நிர்வாக அலுவலராக இருந்து முன்கூட்டியே விருப்ப ஓய்வு பெற்ற இளையபெருமாள் பொய் சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் கூட்டிச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவருடைய அப்பா பாபநாசம் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். மகன் அதே வயல்களுக்கு அடங்கல் எழுதினார். எந்த வயலில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, தண்ணீர் எந்த வாய்க்காலிலிருந்து என்று வருடா வருடம் பார்த்துப் பதிகிற வேலை அது. காலமெல்லாம் வயலை அப்படிப் பார்த்தவருக்கு மனிதர்களையும் அப்படித்தான் பார்க்க வந்தது.

அந்தத் திறமைக்கு ஓய்வுக்குப் பிறகு ஒரு வேலை கிடைத்தது. பாபநாசத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் தௌபீக் தொடங்கிய கல்லூரிக் கபடிக் கற்பனை லீக்தான் அது. எட்டு உறுப்பினர்கள், ஆளுக்கு ஓர் அணி. அணி இருப்பது செல்போனில் மட்டும். இந்தப் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் நிஜ மைதானத்தில் எடுக்கிற புள்ளிகள் இவர்கள் கணக்கில் ஏறும். எட்டுப் பேரில் ஒருவர்கூட இன்றைக்கு நடுக்கோட்டைத் தாண்டிவிட்டு மூச்சோடு திரும்ப மாட்டார். வாய் மட்டும் தேசிய அணிக்கே பயிற்சி கொடுக்கும்.

ஒவ்வொரு வருடமும் ஏலம் மாதிரி ஒரு தேர்வு நடக்கும். அதற்கு முன்னால், பழைய ஆட்டக்காரர்களில் இரண்டு பேரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளலாம். இப்படி நிறுத்திக்கொள்பவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று பேச்சு வந்தபோது இளையபெருமாள்தான், "பேங்க்ல வைப்புநிதிங்கறாங்கல்ல, அது மாதிரி வைப்புன்னு சொல்லிட்டுப் போவோம்" என்றார். தாலி கட்டாமல் ஒருவன் வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணையும் ஊர் அதே சொல்லால்தான் சொல்லும் என்பது எட்டுப் பேருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆட்டக்காரர்களில் மணிகண்டன் என்ற பெயர் உள்ளவர்களே ஓர் அணிக்குத் தேறுவார்கள் என்பதால் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஊர்ப்பெயர்தான். திருவாரூர், பட்டுக்கோட்டை, பாபநாசம், அவ்வளவுதான்.

தேர்வுக்கு முன்னால் யார் யார் வைப்பு, புதிதாக வந்தவர்களில் யார் தேறுவார்கள் என்று இளையபெருமாள் குரல்பதிவு போடுவார். லீக்கில் எல்லோரும் அதற்காகக் காத்திருப்பார்கள். இந்த வருடம் அது அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் வந்து தொலைத்தது.

திருக்கடையூரில் நாள் குறித்து மண்டபம் பிடித்தது சென்னையில் வேலை பார்க்கும் மகள் தர்ஷினி. இளையபெருமாளின் அப்பாவுக்கு அறுபது எப்போது வந்தது, எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியாது. பிறந்த தேதியைக் குறித்து வைக்கிற வசதி அந்த வீட்டுக்கு அப்போது இல்லை. சான்றிதழோடு அறுபதைத் தொட்ட முதல் ஆள் இவர்தான். அதனால் அவருக்கு இந்தக் கல்யாணம் வெறும் சடங்கில்லை. மாலையும் கழுத்துமாக மனைவி அம்சத்தின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று ஆணிகூட அடித்து வைத்திருந்தார்.

பதிவு போடுகிற அன்று காலை கொல்லைப்பக்கம் நின்று போனை வாயருகே பிடித்துக்கொண்டு, கிணற்றுக்குள் இருப்பவருக்குச் சொல்கிற குரலில் அவர் பேசினார்.

"திருவாரூர மூணு வருசமா வச்சிருந்தேன். விட மனசே வரல. ஆனா படிப்பு முடிஞ்சிருச்சு, இனிமே நமக்கு ஆவாது. பட்டுக்கோட்டைய இந்த வருசமும் வச்சுக்கறேன், சொன்ன பேச்சு கேக்கும். பாபநாசத்துல புதுசா ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். பத்தொம்பது வயசு. என்னா ஒடம்புங்கறீங்க! புடிச்சா விடாது. யாரும் கண்ணு வச்சிராதீங்கப்பா!"

கல்யாண வேலைக்கு உதவியாக நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த அம்சத்தின் தங்கை மலர்கொடி அப்போது குளியலறைக்குள் இருந்தாள். தலைக்கு ஊற்றிய தண்ணீர் பாதியிலேயே நின்றது. ஈரத்துணியோடு அடுப்படிக்கு ஓடினாள்.

"யக்கா, மாமா மூணு ஊர்ல வச்சிருக்காரு. ஒண்ணுக்குப் பத்தொம்பது வயசு!"

அம்சம் அடுப்பை அணைத்தார். கூடத்தில் கிடந்த கணவரின் போனை எடுத்து அந்தப் பதிவை முழுதாகக் கேட்டார். கால் மணி நேரம் ஓடியது. கேட்டு முடித்துப் போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "திருக்கடையூருக்கு நான் வரல. மாலைய நீங்களே போட்டுக்குங்க."

இளையபெருமாளுக்கு விஷயம் மலர்கொடி வாய்வழியாகத்தான் தெரிந்தது. முதலில் சிரிப்பு வந்தது. மனைவி முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போயிற்று. ஓடிப்போய் போனில் திருவாரூரின் படத்தைத் தேடி எடுத்து நீட்டினார். மீசையும் கட்டுமஸ்தான தோளுமாக ஒரு பையன் அதில் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"இதான் திருவாரூர். ஆம்பளப் புள்ள. பாரு."

"தெரியும்," என்றார் அம்சம். "ஒரு பொம்பளைய வச்சிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு கோவம் வந்திருக்காது. அந்தப் பையனுக்கு எடது கணுக்கால்ல நோவு, வாழப்பழம் ஒத்துக்காது, அவுங்க அம்மா ஊர்ல இருந்தா நல்லா ஆடுவான். எல்லாம் தெரியுது உங்களுக்கு. எனக்கு எந்தக் கால்ல வலி, சொல்லுங்க?"

இளையபெருமாள் மனைவியின் கால்களைப் பார்த்தார். இரண்டும் புடவைக்குள் இருந்தன.

"எடதா?" என்றார்.

மலர்கொடி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவனுங்களப் பத்திக் கால் மணி நேரம் பேசுனீங்கல்ல?" என்றார் அம்சம். "என்னையப் பத்திப் பேசி என் போனுக்கு அனுப்புங்க. கேட்டுட்டு மணையில உக்காரலாமா வேணாமான்னு சொல்றேன்."

இவ்வளவுதானா என்று நினைத்துக் கொல்லைக்குப் போனார். "நல்லா சமைக்கும்" என்றார். "நல்ல குணம்" என்றார். அதற்கு மேல் வண்டி நகரவில்லை. ஊரில் உள்ள அத்தனை வயலுக்கும் நான்கெல்லை சொல்லத் தெரிந்தவருக்கு, இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளைப் பற்றிச் சொல்ல இரண்டு வரிக்கு மேல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

அதன்பிறகு அவர் செய்ததுதான் வேடிக்கை. புதுப் பையன்களைப் பார்க்க மைதானத்தில் எப்படி உட்காருவாரோ அப்படி அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அம்சம் மாடிக்குப் போனால் பின்னாலேயே போனார். கடைத்தெருவுக்குப் போனால் பத்தடி தள்ளிப் போனார்.

"என்னாங்க பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல, நீ பாட்டுக்கு ஆடு," என்று வாய் தவறிச் சொன்னார்.

திருக்கடையூருக்குக் கிளம்புகிற நாள் காலையில்தான் பதிவு தயாரானது. அம்சம் என்று பெயர் சொல்லிப் பேச வாய் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து 'இந்தா' என்றே கூப்பிட்டுப் பழகியவர். அவருடைய அம்மா உயிரோடு இருந்தவரை மருமகளைப் பிறந்த ஊர் பெயரால் வலங்கைமான் என்றுதான் சொல்லுவார். லீக் பழக்கமும் அதுதானே என்று வலங்கைமான் என்றே தொடங்கிப் பேசி முடித்தார். வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அவசரத்தில் அனுப்பியும் விட்டார்.

திருக்கடையூரில் அன்று நல்ல முகூர்த்தம். திரும்பிய பக்கமெல்லாம் அறுபதும் எண்பதும் மாலையோடு நின்றன. கலச நீர் ஊற்றியாயிற்று, புதுத்துணி மாற்றியாயிற்று. மணைக்கு அருகில் வந்ததும் அம்சம் நின்றுவிட்டார்.

"எங்க?" என்றார்.

"அனுப்பிட்டேனே!"

"ஒண்ணும் வரல."

"சத்தியமா அனுப்பிட்டேன், இந்தா!"

"என் போன்ல ஒண்ணும் இல்ல. நீங்க உக்காருங்க, நான் வேன்ல இருக்கேன்."

தர்ஷினி திகைத்தாள். குருக்கள் நேரமாகிறது என்றார். இளையபெருமாளுக்குக் கண் கலங்கியது. கூடத்து ஆணியில் தான் மட்டும் தனியாகத் தொங்குவதை நினைத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அடித்தது. தௌபீக். காது கொஞ்சம் மந்தம் என்பதால் இளையபெருமாள் எப்போதும் ஒலிபெருக்கியில் வைத்துத்தான் பேசுவார். தௌபீக்கின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அண்ணே, நேரமாச்சு, தேர்வு ஆரம்பிக்கிறோம். காலையில குரூப்புல போட்டீங்களே, அந்த வலங்கைமான் யாருண்ணே? எந்தக் காலேஜு? இப்புடி ஒரு ஆளப் பத்தி நீங்க பேசி நான் கேட்டதே இல்ல. எல்லாரும் அதைத்தான் கேக்குறானுவ. மொதத் தேர்வு என்னோடது. வலங்கைமான நான் எடுத்துக்கறேன்!"

இளையபெருமாளுக்கு ஒரே கணத்தில் எல்லாம் விளங்கியது. மனைவிக்குப் போக வேண்டியது லீக்குக்குப் போயிருக்கிறது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் விளங்கியது: தௌபீக் முதலாவதாக எடுக்கப் போகிறான். லீக்கின் விதிப்படி அதைத் தடுக்க ஒரே ஒரு வார்த்தைதான் உண்டு. யோசிக்காமல் அதை உரக்கக் கத்தினார்.

"டேய், கைய வைக்காத! வலங்கைமான் என்னோட வைப்பு!"

நாதஸ்வரம் தவிர எல்லாம் நின்றது. பக்கத்து மணையில் உட்கார்ந்திருந்த எண்பது வயதுக்காரர் ஆவலோடு எட்டிப் பார்த்தார். வலங்கைமானிலிருந்து வந்திருந்த அம்சத்தின் அண்ணன்மார் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

அம்சம் மட்டும் கையை நீட்டினார். "போனக் குடுங்க."

தௌபீக்கின் அழைப்பைத் துண்டித்துவிட்டு, காலையில் லீக்குக்குப் போன பதிவைக் காதில் வைத்துக் கேட்டார். கணவரின் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது.

"வலங்கைமான். வலது முட்டி தேஞ்சு போச்சு. படி ஏறும்போது கைப்பிடியப் புடிக்குது, நாம பாத்தா கைய எடுத்துருது. யார்கிட்டயும் சொல்லாது. எதிராளி எந்தப் பக்கம் பாயப் போறான்னு அவனுக்கு முன்னாடி இதுக்குத் தெரியும். நம்ம ஆளுவ எல்லாம் வெளிய போயி உக்காந்தப்ப, உள்ள ஒத்தையா நின்னு ஆட்டத்தக் காப்பாத்தியிருக்கு. அப்ப கை தட்ட ஒருத்தரும் இல்ல. நானும் தட்டல. குறைன்னா அது ஒண்ணுதான், அது ஆடுனவங்க குறை இல்ல."

இன்னும் இருந்தது. அம்சம் அத்தனையையும் கேட்டார். இளையபெருமாள் முத்துப்பேட்டைப் பக்கம் மாற்றலாகிப் போன வருடம், வெள்ளத்தில் இரண்டு மா வயலில் நட்ட பயிரும் அழுகி, மாமியாரும் படுக்கையில் விழுந்து, கைக்குழந்தையோடு தனியாக நின்றதெல்லாம் நினைவுக்கு வந்தது. அதெல்லாம் இந்த மனிதருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மணை தாழ்வா இருக்கு," என்று இளையபெருமாள் குருக்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வலது முட்டி மடங்காது. ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க."

நாற்காலி வந்தது. அம்சம் அதில் உட்கார்ந்து, மாலையைச் சரிசெய்துகொண்டு, மண்டபமே தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார்.

"சாமி, தாலிய எடுத்து அவருகிட்டச் சீக்கிரம் குடுங்க," என்றார் குருக்களிடம். "அறுபது வயசுல என்னைய வைப்புன்னு ஊரக் கூட்டிச் சொல்லிட்டாரு. இனிமே கட்டாம விட்டா எனக்குல்ல அசிங்கம்."