டீமேக்கர் ஐயா வீட்டு ஜெனரேட்டர்

அந்த வீட்டு வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றபோது, உள்ளே ஏதோ ஒன்று மூச்சு விடுவது கேட்டது. மனித மூச்சைவிட நீளமாக, ஒரே சீராக இருந்தது. உஸ்ஸென்று இழுத்து, சற்று நின்று, மெல்லிய ஒரு தட்டலோடு விட்டு, மறுபடியும் இழுத்தது. கலவான டவுனைத் தாண்டி ஓட்டோவில் வந்து, அதற்குமேல் வண்டி ஏறாது என்று இறக்கிவிடப்பட்டு, தேயிலைக்கு நடுவே படியேறி வந்திருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சிங்கராஜக் காட்டுப் பக்கமிருந்து இறங்கிய பனிமூட்டம் செடிகளின் தலைமட்டத்தில் தயங்கி நின்றது. அந்த வெண்மைக்குள் அந்த வீடும் நானும் அந்த மூச்சும் மட்டுமே மிஞ்சியிருப்பதுபோலத் தோன்ற, கதவைத் தட்ட மறந்து கேட்டுக்கொண்டே நின்றேன்.

அப்போது நான் இரத்தினபுரியில், பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு ஜெனரேட்டர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் படித்தவள் என்பதால், வீடுகளுக்குப் போய் எவ்வளவு பெரிய இயந்திரம் தேவை என்று பார்த்து வரும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். றப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், பால் வெட்டும் தாய்தகப்பனுக்குப் பிறந்தவள் நான். அடுத்தவர் வீட்டு அறைகளுக்குள் நடந்து, பிரிஜ்ஜின் முதுகைத் திருப்பி, அங்கே ஒட்டியிருக்கும் தகட்டை வாசிப்பது எனக்குக் கடைசிவரை கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. ஒரு வீட்டில் எது எதற்கு மின்சாரம் வேண்டுமென்று எழுதத் தொடங்கினால், அந்த வீட்டுக்காரர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

கதவைத் திறந்த அம்மா, "கடையில இருந்து வந்த புள்ளையா? ஆம்பள யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சேன்" என்றார். ஆனால் சொன்ன கையோடு என் ஈரத் தலையைத் துடைக்கத் துவாய் கொண்டுவந்து தந்தார். அவருடைய கணவர் பக்கத்துத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து தூளாகும்வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பான டீமேக்கராக நீண்ட காலம் இருந்தவர். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் ஊர் முழுவதும் அவரை டீமேக்கர் ஐயா என்றுதான் அழைத்தது. நான் வாசலில் கேட்ட மூச்சு அவருடைய கட்டிலருகே இருந்த ஒட்சிசன் இயந்திரத்துடையது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தரையில் நெளிந்து வந்து அவர் மூக்கில் முடிந்தது. ஆயுள் முழுக்கத் தேயிலைத் தூசியை இழுத்த நெஞ்சு களைத்துப் போயிருந்தது. ஒரு வாக்கியத்தை இரண்டு மூன்று துண்டாக்கித்தான் அவரால் பேச முடிந்தது. கண்கள் மட்டும், கொழுந்தின் வாசத்தைப் பிடிக்கக் காத்திருப்பவர்போல், எப்போதும் விழிப்பாக இருந்தன.

அவர்களுடைய ஒரே மகன் வெளிநாட்டில் இருந்தான். போனில் என்னோடு பேசியபோது, வீட்டில் ஒரு பல்புகூட அணையக்கூடாது, இருப்பதிலேயே பெரியதைப் போடுங்கள் என்றான். நான் கொப்பியை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனேன். பிரிஜ், சோறாக்கும் குக்கர், கெட்டில், ஸ்திரிக்கைப் பெட்டி, கிணற்று மோட்டார், எல்லாவற்றுக்கும் மேலே ஒட்சிசன் இயந்திரம். மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிட, கிளம்பும் அந்தக் கணத்தில் பல மடங்கு இழுக்கும், அதையும் தாங்க வேண்டும் என்று விளக்கினேன். அதற்காக மகன் சொன்ன அளவுக்குப் பெரியதும் வேண்டாம், பெரிய டீசல் எஞ்சினைச் சின்னச் சுமையோடு ஓட்டினால் உள்ளே கரி பிடித்துவிடும் என்றபோது, ஐயா படுக்கையிலிருந்தே தலையாட்டினார். "ரோலர்ல கொழுந்து பத்தாம போட்டா... அதே கததான்."

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. சமையலறைக்கு நான் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கயிற இழுத்து ஸ்டார்ட் பண்ணுற சின்ன மெசின் இருக்குதானே, மகள்? அது போதும். கரண்ட் போனா நான் ஓடிப்போய் இழுத்துவிடுறேன். அதுவரைக்கும் சிலிண்டர் இருக்கு. நான்தான் வீட்டுலயே இருக்கேனே." கட்டிலின் தலைமாட்டில் நின்ற பச்சை ஒட்சிசன் சிலிண்டரை நான் பார்த்திருந்தேன். அதன் திருகுமுனை கை பட்டுப் பட்டுப் பளபளத்தது. மின்சாரம் போனதும் ஒட்சிசன் இயந்திரம் கூவும், எங்கே நின்றாலும் அம்மா ஓடி வருவார், குழாயை மாற்றுவார். அடுப்படி, கிணற்றடி, பூக்கொல்லை. அந்தக் கூவல் காதில் விழும் தூரம்தான் அவருடைய உலகத்தின் எல்லை.

அவர் தேநீர் போட நின்றபோது நான் ஐயாவிடம் திரும்பி வந்தேன். அவர் கையசைத்துக் கிட்டே கூப்பிட்டார்.

"தானா ஸ்டார்ட் ஆகுற மெசின்... கரண்ட் போயி எத்தன செக்கன்ல வரும்?"

"பத்து, பதினஞ்சு செக்கன்ல வந்துருங்க ஐயா. இடையில விடாம இருக்க சின்ன பெட்டரிப் பெட்டி ஒன்னும் வைப்போம்."

"யாரும் தொடத் தேவையில்லயே?"

"யாரும் வேணாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சைச் சேர்த்தார். பிறகு சொன்னதை நான் மறக்கவே இல்லை. "அவ இந்த வாசலத் தாண்டி... எட்டு மாசமாச்சு. அவ தங்கச்சி எம்பிலிப்பிட்டியில இருக்கா. மாசா மாசம் போய்க்கிட்டிருந்தவ. எனக்கு மூச்சு வரணும்னு... மெசின் கேக்கல புள்ள. அவ போகணும்." சமையலறையில் கோப்பைகள் சத்தமிட்டன. "அவகிட்ட சொல்லிராத. சொன்னா... வேணாம்னுருவா."

தேநீர் வந்தது. இருவர் முன்னாலும் உட்கார்ந்து, தானாக இயங்குவதைத்தான் போட வேண்டும் என்று சொன்னேன். மழைக்குள் ஓட வேண்டியதில்லை, கயிறு இழுக்கத் தோளில் பலம் வேண்டும், பெற்றோல் வீட்டில் வைப்பது ஆபத்து என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். ஆனாலும் அம்மா என்னையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்த பார்வையில், ஏதோ ஒன்று தனக்கு மறைக்கப்படுகிறது என்ற சந்தேகம் இருந்தது. "என்னய வேலைய விட்டு நிப்பாட்டுறீங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார். அவருக்கு அது ஓய்வு தரும் இயந்திரமாகத் தெரியவில்லை. தன் இடத்தில் வந்து உட்காரப்போகும் ஒன்றாகத்தான் தெரிந்தது. எனக்கும் பயம் இருந்தது. ஒரு மனிதருடைய மூச்சை ஒரு மனைவியின் கையிலிருந்து வாங்கி, நான் ஒரு இரும்புப் பெட்டியின் கையில் கொடுக்கப்போகிறேன்.

இரண்டு வாரத்தில் வீட்டின் பின்பக்கச் சரிவில், மழைத் தண்ணீர் தேங்காத மேட்டில், கொங்கிரீட் போட்டு இயந்திரத்தை இறக்கினோம். புகை படுக்கையறை ஜன்னல் பக்கம் வரவே கூடாதென்று குழாயைத் தேயிலைப் பக்கம் திருப்பி, காற்று எப்படி அடிக்கிறது என்று ஒரு முழுப் பகலும் நின்று பார்த்தேன். பிறகு சோதனை. ஐயா தலையணையில் சாய்ந்து விரல் விட்டு எண்ணத் தயாராக இருந்தார். அம்மா சிலிண்டர் திருகில் கைவைத்து நின்றார். நான் மெயின் சுவிட்சை இறக்கினேன். மின்விசிறி மெதுவாகி நின்றது, பிரிஜ் அடங்கியது, தூரத்தில் ஒரு மரங்கொத்தியின் சத்தம் திடீரென்று வீட்டுக்குள் வந்ததுபோல் கேட்டது. பெட்டரிப் பெட்டியின் தயவில் ஒட்சிசன் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் கனவில் போல நீண்டது. பிறகு சரிவில் எஞ்சின் ஒரு முறை இருமி, உறுமி, சீரானது. விசிறி மறுபடி சுற்றத் தொடங்கியது. "பதினொன்னு" என்றார் ஐயா, பள்ளிக்கூடப் பையனின் சந்தோஷத்தோடு. அம்மாவின் கை நெடுநேரம் அந்தத் திருகிலேயே இருந்தது.

ஆனால் அவர் போகவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். ஐயா இடையிடையே எனக்குப் போன் செய்வார். இயந்திரத்தைப் பற்றி ஏதோ கேட்பதுபோல் தொடங்கி, அம்மா அப்பால் போனதும், "இன்னும் போகல, புள்ள" என்பார். மழை என்று ஒரு சாக்கு, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சுகமில்லை என்று ஒரு சாக்கு. மின்சாரம் போன நாட்களில் ஜெனரேட்டர் தன் பாட்டுக்குக் கிளம்பியது. அப்படியும் அவர் ஓடி வந்து கட்டிலருகே நிற்பாராம்.

பிறகு ஒரு நாள் காலையில் கடை வாசலில் ஒரு பையோடு வந்து நின்றார். பச்சைச் சேலை; தலை நிறையப் பூ. பக்கத்து வீட்டுப் பெண் ஐயாவுக்குச் சாப்பாடு கொடுப்பாள், தான் மறுநாளே திரும்பிவிடுவேன் என்று, நான் கேட்காமலேயே சொன்னார். எம்பிலிப்பிட்டிய பஸ் வர நேரமிருந்தது. அவருக்கு ஒரு நாற்காலியைப் போட்டேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது, அவருடைய போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பெண். வழியில் மரம் விழுந்து லைன் அறுந்துவிட்டது, தான் கடைத் தெருவில் நிற்பதாகவும், இதோ வீட்டுக்கு ஓடுவதாகவும் சொன்னாள். அம்மா எழுந்துவிட்டார். கலவான பஸ் எந்தப் பக்கம் என்று என்னிடமே கேட்டார், எத்தனையோ தடவை வந்துபோன ஊரில். "மொதல்ல ஐயாவுக்குப் போன் பண்ணுங்க" என்று நான் அவருடைய கையைப் பிடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தோம். அவர் வீட்டை விட்டுப் போகலாம் என்று அந்த இயந்திரத்தைப் போட்டது நான்தானே.

மூன்றாம் முறை ஐயாவின் குரல் வந்தது.

"கரண்ட் போயிருச்சாமே?" என்றார் அம்மா.

"போச்சு. வந்துருச்சு. மெசின் போட்டுருச்சு."

"பொய் சொல்லாதீங்க. ஏன் போன எடுக்கல?"

"எண்ணி முடிச்சு... மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தேன்."

"போன ஒக்சிஜன் மெசின்கிட்ட வைங்க."

அம்மா காதோடு போனை அழுத்திக் கண்ணை மூடினார். நானும் பக்கத்தில் குனிந்து கேட்டேன். உஸ்ஸென்று இழுப்பு, தட்டல், இழுப்பு. இரத்தினபுரிப் பஸ் நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவே நாங்கள் இரண்டு பெண்கள் ஒரு இயந்திரம் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். வெளியே கண்டக்டர் எம்பிலிப்பிட்டிய, எம்பிலிப்பிட்டிய என்று கத்தத் தொடங்கினான். போனுக்குள்ளிருந்து ஐயா, "பஸ் சத்தம் கேக்குது. ஏறு" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு ஏறினார். தங்கை வீட்டில் அன்று பகலெல்லாம் தூங்கினாராம், அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனையோ காலமாயிற்று என்றாராம். அதன் பிறகு மாதம் ஒரு தடவை எங்கள் கடை நாற்காலியில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பது வழக்கமாயிற்று.

ஐயா இறந்ததும் அப்படியொரு நாளில்தான். நண்பகல்; அம்மா எம்பிலிப்பிட்டியவில் இருந்தார். எனக்குச் செய்தி வந்தபோது கொப்பியில் யாரோ ஒருவருடைய வீட்டு மின்சுமையை எழுதிக்கொண்டிருந்தேன். இயந்திரம் கிளம்பாமல் போயிருக்குமோ என்ற நினைப்பில் என் கை நின்றுவிட்டது. இறுதிச் சடங்குக்குப் போனேன், ஆனால் கேட்கத் துணிவில்லை. சில வாரம் கழித்து அம்மாவே கடைக்கு வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"அன்னைக்கு கரண்ட் இருந்துச்சு, மகள். உன் பெட்டியில பச்ச லைட் எரிஞ்சுச்சு. ஒக்சிஜன் மெசினும் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. மனுசன்தான் நின்னுட்டாரு."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. அந்த நேரத்தில் தானும் தங்கையும் குளக்கட்டில் நடந்துகொண்டிருந்ததாகவும், தங்கை ஏதோ பழைய கதை சொல்லத் தான் வயிறு வலிக்கச் சிரித்ததாகவும், நேரத்தை யோசித்துப் பார்த்தபோது இரண்டும் ஒன்றாக இருந்ததாகவும் சொன்னார். சிரித்ததற்கு வருத்தப்பட வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை என்றார். அப்போதுதான் ஐயா என்னிடம் கேட்டுக்கொண்டதைச் சொன்னேன், அவருடைய வார்த்தைகளிலேயே. வாசலைத் தாண்டி எட்டு மாதமாயிற்று என்றதையும்.

அம்மா தெருப் பக்கம் திரும்பினார். "எட்டு இல்ல, பதினொன்னு" என்றார். "படுக்கையில விழுந்த மொத மூனு மாசம் அவருக்கு நெனவே இல்லயே."

அது நடந்து சில காலமாயிற்று. நான் இப்போது வேறொரு கடையில், இன்னும் பெரிய வீடுகளுக்கு இயந்திரம் பார்த்துக் கொடுக்கிறேன். சென்ற மழைக்காலத்தில் கலவானப் பக்கம் பல இடங்களில் மண் சரிந்து, நாள் கணக்கில் மின்சாரம் இல்லை என்று கேள்விப்பட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. மத்தியானம் வரை முயன்று பார்த்தேன். டீசல் தீர்ந்திருக்குமோ, தனியாக என்ன செய்கிறாரோ என்று மனம் அலைந்தது. மாலையில் அவரே அழைத்தார். பின்னால் மணிச் சத்தமும் நிறையப் பேருடைய குரலும் கேட்டன. தங்கையோடு கதிர்காமத்தில் நிற்கிறாராம், வந்து நாலு நாளாகிறதாம்.

"வீட்டுல கரண்ட் இல்லயாமேங்கம்மா?" என்றேன்.

"அப்படியா?" என்றார் அவர். "எனக்குத் தெரியாதே, மகள்."