இடப்பக்கத்து இறுக்கம்

உடைமாற்றும் அறையின் கதவு அரையடி திறந்து, அண்ணியின் கை மட்டும் அடுத்த பிராவுக்காக வெளியே நீண்டதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. ஔந்த் பகுதியில் ஒரு விளையாட்டு உடைக் கடை. சர்க்கரைக்கு ஓடச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு ஸ்போர்ட்ஸ் பிரா வேண்டும் என்று அண்ணியே என்னைக் கூப்பிட்டிருந்தார். அதே மராட்டிய நகரத்தின் இன்னொரு கோடியில், கராடியில், அண்ணன் வீட்டிலேயே தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அது பேராச்சரியம். எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் உள்ளாடையைப் போட்டுப் பார்த்தா வாங்கினோம்? கடைக்காரப் பெண்ணின் காதோரம் அளவைச் சொல்லி, பொட்டலத்தைப் பைக்கு அடியில் திணித்துக்கொண்டு வருவோம். துவைத்தால் துண்டுக்கு அடியில் காயப்போடுவோம். வெயில்கூடப் பார்த்துவிடக் கூடாதாம், என்ன மானமோ!

விற்பனைப் பெண் இந்தியில் பொறுமையாகச் சொன்னாள். மார்புக்குக் கீழே வரும் பட்டையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கையைத் தூக்கினால் அது மேலே ஏறக் கூடாது. குதித்துப் பாருங்கள், மூச்சு முட்டினால் அது உங்கள் அளவில்லை. நான் தமிழில் சொல்லச் சொல்ல, அண்ணி உள்ளே குதிக்கிற சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் ஒன்றும் சரிப்படவில்லை. வலப்பக்கம் கச்சிதமாக இருந்தால் இடப்பக்கம் வெட்டியது. இடப்பக்கத்துக்குப் பார்த்தால் வலப்பக்கம் தொளதொளத்தது. எல்லோருக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் என்றாள் அந்தப் பெண். கதவிடுக்கில் அண்ணி என்னிடம் மெல்லச் சொன்னது வேறு.

“போன வருசம் வரைக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு அம்மிணி.”

என் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. டாக்டரிடம் போகலாம் என்றேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. இருந்ததிலேயே இறுக்கமான ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, இதுவே போதும் என்றார். மூச்சு முட்டுமே அண்ணி, இதோடு எப்படி ஓடுவீர்கள் என்று சண்டை போட்டேன். பணத்தைக் கட்டிவிட்டு நடந்தார். வாசலில் ஆட்டோவை நிறுத்தி, வீட்டுக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.  

பரிசோதித்த டாக்டரம்மாவின் விரல்கள் இடப்பக்கத்தில் ஒரு கட்டியின் மேல் நின்றன. எத்தனை நாளாக என்று கேட்டார். அண்ணி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“தீவாளிக்கு முன்னாடியே தெரியும் கண்ணு. உங்கண்ணன் கண்ணுல படாம அமுக்கி வெக்கிற மாதிரி ஒண்ணத்தான் தேடுனேன். ஓடறதுக்கு ஆருக்கு வேணும்?”

அண்ணி இறந்த பிறகு இப்போது அந்த வீட்டில் நானும் அண்ணனும்தான். பக்கத்திலேயே இருந்தேனே, எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று இன்றைக்கும் அவன் என்னிடம் கேட்கிறான். அண்ணி சொன்னதை நான் அவனிடம் இன்னும் சொல்லவில்லை.