சுறாவுக்கு வாப்பா பெயர்

திருமலைராயன்பட்டினத்தில் சுறாப்புட்டு சாப்பிடாமல் வளர்ந்த ஆள் இருந்தால் என்னிடம் கூட்டி வாருங்கள். சுஹைனாவும் தின்று வளர்ந்தவள்தான். ஆனால் சுறாவின் வாயை அவள் முழுதாகப் பார்த்ததே இல்லை. தலையைக் கரையிலேயே வெட்டி எறிந்துவிடுவார்கள். வீட்டுக்கு வருவது துண்டம் மட்டும்.

அவள் ஆராய்ச்சியோ சுறாப் பற்களில். சுறாவுக்குக் கெட்டி எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். அது மட்கிப் போகும், பல் மிஞ்சும். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லில் கோடிக்கணக்கான வருடத்துப் பற்களைத் தேடிப் பொறுக்கினாள். ஏற்கனவே தெரிந்த ஒரு சுறாவின் அகலப் பற்களோடு ஊசிப் பற்களும் கிடைத்தன. ஊசிப் பற்கள் யாரும் பெயர் வைக்காத ஒரு புதுச் சுறாவுடையவை என்று கட்டுரை எழுதி, அதற்குத் தன் வாப்பா ஜவஹர் அலியின் பெயரை வைத்திருந்தாள். கடலுக்குப் போய்த் திரும்பாத மனிதர். புதைத்த இடம் என்று போய் நின்று ஓத ஒரு கபர்கூட இல்லை. மறுநாள் காலை கட்டுரை பத்திரிகைக்குப் போகவேண்டும்.

கூடவே சேர்க்கும் படத்துக்கு இன்றைய சுறாத் தாடை ஒன்று தேவைப்பட்டது. கிளிஞ்சல்மேட்டு மீனவர் சிவராமன் ஒரு தலையைக் கொடுத்தார். கொல்லையில் வைத்து வேகவைத்தாள். வீடே நாறியது. உம்மா ஆஸியா பீவி முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டித் தீர்த்தார்.

சுஹைனா கத்தியால் சதையை வழித்தாள். மேல்தாடையில் அகலப் பற்கள். கீழ்த்தாடையைத் திருப்பியவள் கை அப்படியே நின்றது. அத்தனையும் ஊசிப் பற்கள்.

ஓடிப்போய்த் தன் கல்பற்களை எடுத்து லென்ஸில் பார்த்தாள். அகலப் பல்லுக்கும் ஊசிப் பல்லுக்கும் வேரில் அதே பள்ளம், அதே வளைவு. இரண்டும் எப்போதும் ஒரே கல் அடுக்கில் சேர்ந்தே கிடைத்ததை அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தாளே, பைத்தியக்காரி!

யாருக்குத் தெரியப்போகிறது? கட்டுரையை அனுப்பப்போகும் அவள் வழிகாட்டி, பேராசிரியர் தெட்சிணாமூர்த்தி, சிப்பி ஆராய்ச்சிக்காரர்; சுறா விஷயத்தில் இவள் சொல்வதுதான் அவருக்கு வேதவாக்கு. தாடையைக் குப்பையில் போட்டால் முடிந்தது கதை. போடத்தான் தூக்கினாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“சார், கட்டுரைய அனுப்பிடாதீங்க. ரெண்டும் ஒரே சுறாவோட பல்லுங்க சார். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு.”

பேராசிரியர் மறுமுனையில் கேட்டார்: “நல்லாப் பாத்தியாம்மா?”

“பாத்துட்டேன் சார்.”

உம்மா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப வாப்பா பேரு?”

“வராதும்மா. அப்படி ஒரு மீனே இல்ல.”

ஆஸியா பீவி அந்தத் தாடையையே பார்த்தார். “இல்லாத மீனுக்கா அவரு பேர வைக்கப் பாத்தே? அவரு இருந்த மனுஷன்டி” என்றார். சுஹைனா மீன் நாறும் கையோடு உம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.