வெளியே திறக்கும் கதவு

உளியின் தலையில் சுத்தியல் விழ விழ, உலகநாதனின் இரண்டு கைகளும் முழங்கை வரை அதிர்ந்தன. காலையில் அதே கைகள் அடித்து இறுக்கிய ஆணிதான். இப்போது அசைய மறுத்தது.

மெட்டுகுடா ரயில்வே கேட்டின் ஓரத்தில், நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று புதிதாக நிறுத்திய சின்ன இரும்புக் கதவு அது. சென்ற மாதம் வரை அங்கே வெறும் சந்து. இறங்காமல் சைக்கிளோடு பாய்ந்த ஒரு ஃபிட்டர் எஞ்சினில் அடிபட்டுச் செத்தான். அதன் பிறகு புது விதி வந்தது: இருபுறமும் கதவு வேண்டும்; சாலைப் பக்கமாகவே திறக்க வேண்டும். உள்ளே போகிறவன் இறங்கி நின்று இழுக்க வேண்டும். வெளியேறுகிறவன் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம்.

ரயில்வே பட்டறைக் கொல்லரான உலகநாதன் எதிர்ப்புறக் கதவை அப்படித்தான் மாட்டினார். இந்தப் பக்கம் சாலை மேடு. வெளியே திறந்தால் கதவின் அடி மண்ணில் இடித்தது. மண்ணை வெட்ட அலுத்துக்கொண்டு, தண்டவாளப் பக்கமாகத் திறக்கும்படி மாட்டிவிட்டார்.

மத்தியானம் அவர் மனைவி செல்லம்மா, பட்டறையில் அவரைக் காணாமல், சாப்பாட்டுக் கூடையோடு தண்டவாளம் தாண்டி இங்கே வந்தாள். இடுப்பால் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. இழுக்க வேண்டுமானால் பின்னால் நகர வேண்டும். பின்னால் ஊதிக்கொண்டே எஞ்சின் வந்துகொண்டிருந்தது. உலகநாதன் ஓடி வந்து வெளியிலிருந்து கதவில் கை வைத்தார்.

"தள்ளாதீங்க! தண்டவாளத்துல விழுந்துடுவேன்!"

கம்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். எஞ்சின் போனபோது முந்தானை பறந்து முகத்தில் அறைந்தது.

வெளியே வந்ததும் முதலில் கூடையைத்தான் பார்த்தாள். "இன்னா கதவு இது? எலிப்பொறி செய்யச் சொன்னாங்களா உங்கள?"

ரயில்வே காலனியில் தமிழ் பழகிய கேட்காரர் மஸ்தான் ஓடி வந்தார். "கழட்டிப் போடு உஸ்தாத். இந்த வம்பு கைக்கு, எதுக்கு?"

"கழட்டிட்டா சாயங்காலம் அத்தனை பேரும் சைக்கிளோட பாய்வாங்க, பாய்."

"அப்போ இப்படியே விடுறியா?"

"செல்லம்மா ஒருத்தி. சங்கு ஊதினா நூறு பேரு வருவான். முன்னாடி இருக்கறவன் இழுக்கறதுக்குள்ள பின்னாடி இருக்கறவன் தள்ளுவான்."

"நக்கோ, நக்கோ! வேணாம்!" என்று மஸ்தான் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு மண்வெட்டியை எடுத்து வந்தார்.

அவர் மேட்டை வெட்ட, செல்லம்மா கூடையிலிருந்த சோற்றுப் பாத்திரத்தை இறக்கிவிட்டு மண்ணை அள்ளினாள். உலகநாதன் ஆணிகளை வெட்டிக் கீல்களைத் தூணின் சாலைப் பக்கத்துக்கு மாற்றினார். கதவைத் தடுத்து நிறுத்தும் பட்டையைத் தண்டவாளப் பக்கம் வைத்தார். கீழ்க்கீலில் ஒரு போல்ட் மிச்சம் இருக்கையில் பட்டறைச் சங்கு ஊதியது. தூரத்தில் பாசஞ்சர் வண்டியும் ஊதியது.

சைக்கிள் மணிகள் நெருங்கின. நெற்றி வியர்வை கண்ணில் வழிய, தொட்டுப் பார்த்தே நட்டை முறுக்கினார். எதிர்ப்புறக் கதவில் ஆட்கள் முணுமுணுத்தபடி இறங்கி, இழுத்துத் திறந்து, ஒருவர் பின் ஒருவராகத் தண்டவாளத்தில் கால் வைத்தார்கள்.

"விடு உஸ்தாத், கைய எடு!" என்றார் மஸ்தான்.

முதல் ஆளின் முன்சக்கரம் கதவில் முட்டியது. கதவு வெளியே திறந்தது, மண்ணில் இடிக்கவில்லை. ஆட்கள் தடதடவென்று வெளியே வந்தார்கள். கடைசி ஆள் வந்ததும் கதவு தானாகச் சாய்ந்து பட்டையில் மோதி நின்றது. பாசஞ்சர் அதிர்ந்து கடந்தது. அதற்கு அந்தப் பக்கம், சைக்கிளைப் பிடித்தபடி ஒரு கூட்டம் காத்து நின்றது.

உலகநாதன் கதவைத் தாமே ஒருமுறை உள்ளேயிருந்து தள்ளிப் பார்த்துவிட்டு வந்தார். கதவின் கொக்கிச் சங்கிலியை மஸ்தானின் கையில் வைத்தார்.

"இப்ப கதவை வாங்கிக்குங்க, பாய்."